நான்காம் கேள்வி

படிவத்தில் நான்காம் கேள்வி:
இவ்விடத்தில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள்? ஆதாரம்?
வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்தபடி
தேசராணி கேட்கிறாள்:
"கடலுக்கு வயசு கேப்பியா நீ?"
பேனாவை மூடுகிறேன்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
காலையில் பார்த்த அதே இடத்தில்.

கார் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைக்குமென்று
ஒன்றரை வருஷம் கொரிய மொழி படித்தேன்.
கிடைக்கவில்லை.
மிஞ்சியது சில வணக்கங்களும்
ஒரு ராஜாவும்.

தல்ஹே.
முட்டையாய்ப் பிறந்தான்.
ஆகாதென்று பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிட்டான் அப்பன்.
முரசு கொட்டி அழைத்த கரையில் நிற்காமல்
அடுத்த நாட்டில் ஒதுங்கினான்.
பறவைகள் கத்தும் திசையில் படகை விட்டுப் போய்
பெட்டியைத் திறந்தவள்
மீனவன் ஒருவனைப் பெற்றவள்.
("அதானே, வேற யாரு தொறப்பா" என்கிறாள் இவள்.)

மலையேறி ஏழு நாள்
கல்லறைக்குள் கிடந்து ஊரை நோட்டம் விட்டான்.
பிறை வடிவில் ஒரு மனை.
அதில் ஹோகோங் என்பவரின் வீடு.
ராத்திரியோடு ராத்திரியாய் அந்தச் சுவரோரம்
கரியும் சாணைக்கல்லும் புதைத்தான்.
விடிந்ததும் கதவைத் தட்டினான்:
இது என் பாட்டன் வீடு.

வழக்கு நடந்தது.
அதிகாரி கேட்டது இதே நான்காம் கேள்வி.
"நாங்கள் கொல்லர்கள்.
கொஞ்ச காலம் பக்கத்து ஊருக்குப் போயிருந்தோம்.
தோண்டிப் பாருங்கள்."
தோண்டினார்கள். கரி.

கெட்டிக்காரனென்று பெண் கொடுத்தான் மன்னன்.
அரியணைக்கு மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது.
அரிசிப் பலகாரத்தைக் கடித்து, பற்தடம் எண்ணி,
பல் அதிகமென்று மைத்துனன் முதலில் ஆண்டான்.
அறுபத்திரண்டு வயதில் இவன் முறை.
இருபத்து மூன்று வருஷம்.
வீட்டை இழந்த ஹோகோங்தான் தலைமை அமைச்சர்.
எந்த முகத்தோடு சபைக்கு வந்தாரென்று
பாடத்தில் இல்லை.

தேசராணி சிரித்துவிட்டு
ஜன்னல் கட்டையை உள்ளங்கையால் வழித்துக் காட்டுகிறாள்.
"தோண்டவே வாணாம். தொடைச்சாலே வருது பாரு."
கூரைக்குப் பின்னால்
நிலக்கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்
நிற்காமல் இரைகிறது.

"அப்போ எழுதிடவா, கரி இருக்குன்னு?"

"நாங்களா போட்டோம் இத?
எவனோ எங்க செவுத்தோரம் கொட்டுனான்.
இன்னிக்கி நீ வந்து கதவத் தட்டுற."

நண்டின் கால் ஒன்று வலையோடு ஒடிகிறது.

"அது கெடக்கட்டும்.
அன்னிக்கி நைட்டு
அந்த ஹோகோங்கு பொண்டாட்டி புள்ளைங்களோட
எங்க படுத்தான்?"

ஒன்றரை வருஷத்தில் ஒருநாளும்
எனக்குத் தோன்றாத கேள்வி.
கொரிய மொழியில் அதைக் கேட்க எல்லாச் சொற்களும் தெரியும்.

கடைசிப் பக்கம் இடது பெருவிரல் ரேகை.
மைப்பெட்டியை நான் திறப்பதற்குள்
அழுத்திவிட்டாள்.
கறுப்பாய், கோடு கோடாய்,
தெளிவாகவே விழுந்திருக்கிறது.