மற்றக் கால்

செவ்வாய், வியாழன், சனி.
சோதிலிங்கத்தாரைக் காரில் ஏற்றி
டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறேன்.
காசு வாங்குவதில்லை.
பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
பனிநாளில் நாற்பது நிமிடம்;
ஓடுகிற காரிலிருந்து அவரால் இறங்க முடியாது.
கர்த்தர் திறந்த வாசல் என்று
அதை நான் எழுதிவைத்தேன்.

எழுதிவைப்பது என் வழக்கம்.
கறுப்புக் கொப்பி, மூன்று நிரல்:
சந்தித்தவர், விதைத்தது, அறுத்தது.
மாதக் கடைசியில் டொரன்டோவுக்கு அனுப்புவேன்.
ஒன்றுக்கும் உதவாத பாத்திரம் நான் என்று
மேலே ஒரு வரி,
கீழே மொத்தம்.
மொன்றியலில் என் மொத்தம்தான் பெரிது.
அதை யாருக்கும் சொல்வதில்லை.
சொல்லாமலிருப்பதைக் கவனித்துக்கொள்வேன்.

அவர் நெற்றியில் மூன்று கோடு,
வியர்வையில் நடுக்கோடு மட்டும் அழிந்திருக்கும்.
நான் கிருபையைத் தொடங்கும்போதெல்லாம்
"பொறும், இந்த வளைவில ஐஸ்" என்பார்.
ஐஸ் இருக்கும்.

அந்த வியாழன் உள்ளேயும் போனேன்.
இடக்கையில் இரண்டு ஊசி.
இரத்தம் வெளியே போய்
கழுவுப்பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.
இதைவிட நல்ல உவமை கிடைக்குமா?
தொடங்கினேன்.
கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
கேட்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, கால் கடிக்குது.
குனிஞ்சா மிசின் கத்தும்.
ஒருக்காச் சொறிஞ்சு விடும்."

தாதி கிஸ்லேனைத் தேடினேன்.
அவள் மூன்றாம் கதிரையில் யாருக்கோ
வாந்திக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய வியாழனில் மண்டபத்தில்
பன்னிரண்டு பேரின் கால் கழுவியிருக்கிறேன்.
எல்லோரும் வீட்டிலேயே கழுவிவிட்டு வந்திருந்தார்கள்.
புதுத் துவாய். போட்டோவும் எடுத்தோம்.

இது வேறு கால்.
சப்பாத்தில் தெருவுப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டு
மெல்ல மெல்லத்தான் வந்தது.
செதில் செதிலாக
என் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் உதிர்ந்தது.

"மணக்குதோ?"

"இல்லை ஐயா."

"நகத்தால வேண்டாம், உள்ளங்கையால.
இன்னும் கீழ.
ஆ... ஓம், அதிலதான்."

ஒரு வசனமும் வாயில் வரவில்லை.
இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் தூங்கிப்போனார்.
கையை எப்போது எடுப்பதென்று தெரியாமல்
இருந்தேன்.

அன்றிரவு கொப்பியைத் திறந்தால்
எந்த நிரல் என்று தெரியவில்லை.
வெறுமையாக விட்டேன்.
அந்த வெறுமை எனக்குப் பிடித்திருந்தது.
கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.
இரண்டு முறை எழும்பி வந்து பார்த்தேன்.

ஞாயிறு சாட்சி சொன்னேன்.
அழுகிய கால் என்றேன்; அழுகியிருக்கவில்லை.
மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம் என்றேன்.
"ஆனாலும் இந்தப் பாவி குனிந்தான்..."
அங்கே நிறுத்தினேன்.
எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
மண்டபம் அழுதது. மைக்கும் நடுங்கியது.
யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள்.
நான் மறுத்தேன்,
ஒரு தரம்.

செவ்வாய்.
சோதிலிங்கத்தார் ஏறினார், பெல்ட்டைப் போட்டார்.
ஜோன்-தலோன் தெரு வரைக்கும் பேச்சில்லை.
வைப்பர் பனியைத் தள்ளித் தள்ளி
பழைய இடத்துக்கே வந்தது.

"மகள் உம்மட வீடியோ காட்டினவள்."

சிவப்பு விளக்கு பச்சையானது.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"மணக்கேல்லை எண்டெல்லோ
எனக்குச் சொன்னனீர்."

ஓடுகிற காரிலிருந்து
என்னால் இறங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்துவிட்டேன்.
கைத்தடியை ஊன்றி, ஐஸைத் தட்டிப் பார்த்து,
நாலு அடி போனவர்
திரும்பாமலே சொன்னார்:

"கோட்டைக் கழட்டி வைச்சிட்டு வாரும்.
இண்டைக்கு மற்றக் கால்."