பதின்மூன்று அடி

மாலை ஏழுக்கு ஆர்டிஸ் வருவாள், நான் போவேன்.
காலை ஏழுக்கு நான் வருவேன், அவள் போவாள்.
வடக்கு டகோட்டாவில் அக்டோபர்.
லாரி லாரியாகச் சர்க்கரைக் கிழங்கு வந்து
மலையாகக் குவிகிறது.
அதன் அடிவாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்
யாராவது நின்று கை காட்ட வேண்டும்.

பதின்மூன்று அடி டிரெய்லர், ஒரே கட்டில்.
ஒருவர் எழுந்த பள்ளத்தில் மற்றவர் படுக்கிறோம்.
தலையணைக்குத்தான் ஷிப்ட் மாறுவதே இல்லை.

பழைய ஃபர்னஸைத் திறந்து பார்த்தபோது
உள்ளே சுண்டெலிக் கூடு;
போன வருடம் தொலைந்த என் காலுறை
நூல் நூலாக அதற்குள் இருந்தது.

புதிதாக எதை வாங்குவது?
சந்தித்தால்தானே சண்டை போட முடியும்.
எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டோம்.

"சுவரில் மாட்டுகிற ஹீட்டர் போதும்.
விசிறி இல்லை, சத்தம் இல்லை, பேட்டரி கேட்காது."

"எரித்த காற்றை உள்ளேயே விடும்.
ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்துத் தூங்க வேண்டும்.
சூட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு
குளிரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதா?"

"உன் ஃபர்னஸ் விசிறி
பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும்.
சிலிண்டர் நிறைய புரொபேன் இருக்க
விடிகாலை மூன்று மணிக்கு நான் விறைப்பேன்.
நீ அல்ல. நான்.
இரவில் இங்கே படுப்பது யார்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஆகவே பேச்சை மாற்றி,
பக்கத்து வண்டி ஹார்லன்
இருபதாயிரம் பி.டி.யு. வாங்கியிருக்கிறான் என்று எழுதினேன்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.
அவன் ரொட்டி சுடப் போகிறான்."

பதினேழாம் தேதி கிழங்கு உறைந்தது.
உறைந்ததைக் குவித்தால் மலையே அழுகும்,
வேலை நிறுத்தம் என்று போன் வந்தது.
பதினாறு நாளில் முதல் முறையாக
இருவரும் விழித்தபடி ஒரே டிரெய்லரில்.

ஒருவர் நடக்க ஒருவர் கட்டிலில் ஏற வேண்டியிருந்தது.
அவள் முடி வெட்டியிருந்தாள்.
எப்போது என்று கேட்கப் பயமாக இருந்தது.

அடுப்பில் உருளைக்கிழங்கு சூப்,
சூப்புக்காக இல்லை, சூட்டுக்காக.
ஒரு மணி நேரத்தில் ஜன்னல் வியர்த்தது,
சுவர் வியர்த்தது,
ஒரு சொட்டு மெதுவாக இறங்கி
யோசித்து
தலையணையில் விழுந்தது.

ஆர்டிஸ் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
"மூச்சு விட நாம் ரெண்டு பேர், ஒரு பானை.
அந்த ஹீட்டரும் எரிந்து எரிந்து தண்ணிதான் விடும்.
மூணாவது ஆளைக் கூட்டிவந்து
நடுவில் படுக்கவைக்கிற மாதிரி."

பிறகு அட்டவணையை என் பக்கம் தள்ளினாள்:
பன்னிரண்டாயிரம் பி.டி.யு.,
வெளியிலிருந்தே காற்றிழுத்து
வெளியிலேயே புகை விடுவது.
விசிறிச் சத்தத்துக்கு என்ன செய்வாய் என்றேன்.
"உன் குறட்டை என்று நினைத்துக்கொள்கிறேன்.
அதைக் கேட்டு நாளாகிறது."

நான் இன்னொரு பேட்டரிக்கு ஒப்புக்கொண்டேன்.

அலமாரிக்குக் கீழே மட்டும்தான் இடம்.
அங்கிருந்த இழுப்பறையைக் காலி செய்தோம்:
அவள் நீச்சலுடை, ஒரு சன்ஸ்கிரீன்,
மடிப்பில் கிழிந்த அரிசோனா வரைபடம்.
"அறுவடை முடிந்ததும் தெற்கே போகிறோமே,
பின் எதற்கு இவ்வளவு செலவு?"
வரைபடத்தைப் பிரித்து அவள் காட்டினாள்.
"நடுவில் வையோமிங் இருக்கிறது."

மாலை மறுபடி போன். நள்ளிரவிலிருந்து வேலை.
ஃபர்னஸ் வியாழக்கிழமை வரும்.
ஐந்து கம்பளியை அவள்மேல் போட்டுவிட்டுப் போனேன்,
ஆறாவதை நான் சுற்றிக்கொண்டேன்.

விடிந்து வந்தபோது அவள் கிளம்பியிருந்தாள்.
சுவரில் பென்சிலால் ஒரு சதுரம்.
ஃப்ரிட்ஜில் சீட்டு:
"ஹார்லனிடம் ரம்பம் இரவல் வாங்கு.
இரண்டு முறை அளந்துவிட்டேன்.
நீ மூன்றாம் முறை அளக்காதே."

அளந்தேன்.
கால் அங்குலம் தவறியிருந்தது.
சொல்லவில்லை. கோட்டை மட்டும்
கொஞ்சம் நகர்த்திவிட்டு,
அவள் பள்ளத்தில் படுத்தேன்.