அறுநூறு வாட்

பர்மா பஜாரில் ஆயிரத்தெண்ணூறு சொன்னான்,
ஆயிரத்து நூறுக்குப் படிந்தது.
செங்கல் அளவில் சிவப்புப் பெட்டி,
முதுகில் ஒரு குட்டி விசிறி.
"அறுநூறு வாட்டுண்ணா, வீட்டையே ஓட்லாம்."
பாதியைக் கழித்துக்கொள் என்றது
பதினோரு வருஷம் டாக்ஸி ஓட்டிய புத்தி.

சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் சொருகினால்
போன் ஏறும், லேப்டாப் ஏறும், அவ்வளவுதான்.
என் மகள் ஒருநாள் முடி உலர்த்தும் மிஷினை மாட்டினாள்.
டப்.
பியூஸ் பத்து ரூபாய், திட்டு இலவசம்.
அன்றிலிருந்து பானெட்டைத் திறந்து
பேட்டரியையே கவ்வ வைக்கிறேன்:
சிவப்புக் கிளிப் சிவப்பில்,
கறுப்பு கறுப்பில்.
மாற்றிக் கவ்வினால் பெட்டி செத்தது.

புயல் கடந்த இரண்டாம் ராத்திரி.
மின்ட் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருந்த வண்டியை
மதியம்தான் இறக்கி வந்திருந்தேன்.
கொருக்குப்பேட்டை முழுக்க இருட்டு.
வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில்
ஒரு சிவப்பு விளக்கு மட்டும்
விட்டு விட்டு எரிந்தது,
விமானங்களுக்காக.

எதிர்வீட்டு எத்திராஜுலு,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
ஆறரை மணிக்குப் போய்விட்டார்.
கணுக்கால் தண்ணீரில் நாலு பேர்
ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்கள்.
வைத்துவிட்டு
பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.
பிறகு எல்லோரும்
என் வண்டியைப் பார்த்தார்கள்.

"பெட்டிக்கு நானூறு வாட்தானேப்பா?" என்றார் மச்சினர் பிரபாகர்.
ஓடும்போது நானூறு.
கம்ப்ரஸர் எழும்பும் அந்த ஒரு நொடிக்கு
மூன்று மடங்கு கேட்கும்.
"எழுந்துட்டா சாதுங்க. எழுப்பறதுதான் கஷ்டம்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
எந்த வீட்டில் நின்று சொன்னேன் என்று உறைத்தது.

இருந்தாலும் போட்டுப் பார்த்தோம்.
கீச்சென்று ஒரு கத்தல், சிவப்பு விளக்கு, அமைதி.
மறுபடி கத்தல்.
மூன்றாவது தடவை நானே உருவிவிட்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

காசிமேட்டுக்கு ஆள் போனது.
கடலுக்குப் போகாத படகுகளின் ஐஸ்
தவிடு போட்டு மூடிக் கிடந்ததாம்.
மீன்பாடி வண்டியில் ஆறு பாளம் வந்தது,
லேசாக வஞ்சிர வாசனையோடு.
"அவருக்குப் பிடிச்ச மீனு" என்று யாரோ சொல்ல
இருட்டில் ஒருத்தர் சிரித்து, இருமலாக்கிக்கொண்டார்.

என் பெட்டியால் முடிந்தது இவ்வளவு:
ஒரு டியூப் லைட்.
ஒரு டேபிள் ஃபேன்; அதுவும்
இது அசல் கரண்டு இல்லை என்று உறுமிக்கொண்டே சுற்றியது.
ஒரு லேப்டாப்.
அதற்குள் சலாலாவிலிருந்து டெல்லிபாபு,
வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி.
சிக்னல் அறுந்து அறுந்து வந்தது.
ஒருமுறை அவன் முகம் வாய் திறந்தபடி உறைந்தது;
சத்தம் மட்டும் பின்னால் வந்து சேர்ந்தது.

முக்கால் மணிக்கொரு தடவை
சைலென்சரைத் தெருப்பக்கம் பார்க்க விட்டு
என்ஜினைப் போட்டேன்.
டேஷ்போர்டு மேல் பதினோரு போன்கள், யார் யாருடையதோ.
இரண்டு மணி சுமாருக்கு சகுந்தலாக்கா வந்தாள்.
பட்டன் போன் ஒன்றை நீட்டினாள்.
"அவருது. ஒரு கோடுதான் இருக்குது.
சொல்லவேண்டியவங்க நம்பரெல்லாம் இதுலதான்."
முன்சீட்டில் உட்கார்ந்து
அது நிரம்பும்வரை கையிலேயே வைத்திருந்தாள்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது.
தெருவே ஒருதரம் ஓவென்று கத்தி
உடனே வாயைப் பொத்திக்கொண்டது.
சுவரில் மாட்டியே விட்டிருந்த பிளக்கில்
மூலையிலிருந்த காலி ஐஸ் பெட்டி
ஒரே உதறலில் எழுந்து
சாதுவாக ஓடத் தொடங்கியது.

எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
சகுந்தலாக்காதான் சொன்னாள்:
"அத நிறுத்துங்கப்பா,
சும்மா மீட்டர் ஓடுது."