கரையும் ரகம்

முதலில் அது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும்.
பஞ்சில் அசிட்டோன் தொட்டு
உள்பக்க ஓரத்தில் வைத்தேன்.
பிசுபிசுத்துப் பஞ்சின் நூலைப் பிடித்துக்கொண்டது.
சரி, சைட் கவர் கரையும் ரகம்.
காலுக்கு முன்னால் நிற்கும் பெரிய வெள்ளைத் தகடோ
எவ்வளவு தேய்த்தும் அசையவில்லை.
அதற்குச் சூடுதான்,
கம்பியைப் பழுக்கவைத்துத் தைக்க வேண்டும்.
அது பிறகு.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஹோண்டா கப்சாய்.
சைட் கவர் மூன்று துண்டு.
லோரோங் கூலிட் சந்தையில் புதிதாகவே கிடைக்கிறது,
இருபத்தைந்து வெள்ளி.
முகைதீன் பாய் தட்டிக் காட்டினார்.
பிஸ்கட் டின் மூடியின் சத்தம்.
"ஓட்டை ரெண்டு மில்லி தள்ளியிருக்கும்,
கொஞ்சம் இழுத்து மாட்டிக்கலாம்."
இழுத்து மாட்டியது எங்கே வெடிக்கும் என்று
எனக்குத் தெரியும்.
கையை வீசிக்கொண்டு வந்துவிட்டேன்.

பசைக்கும் அதே ரகம் வேண்டும், வெள்ளையாக.

பாயா தெருபோங், பதினான்காம் மாடி.
கட்டிலுக்கடியில் ஐஸ்கிரீம் டப்பா நிறைய லெகோ,
ஜொகூருக்குப் போன பெட்டிகளில் இடமில்லாதது.
கேட்காமல் எடுக்கக் கை வரவில்லை.
லோஷினிக்குப் படம் அனுப்பினேன்:
"வெள்ளைக் கட்டை எடுத்துக்கட்டுமா? வண்டிக்கு."
இரண்டு நீலக் குறி.
பதில் இல்லை.

இரவு வேலைக்குப் போனேன்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
லென்ஸின் கீழ் சிப்பு சிப்பாகப் பார்த்து
விரிசல் உள்ளதைத் தள்ளிவைப்பவன் நான்.
அங்கே எதையும் ஒட்டுவதில்லை.

காலை ஆறு பத்துக்கு,
பள்ளி பஸ்ஸில் இருந்திருப்பாள்:
"எடுத்துக்கோப்பா. கதவ எடுக்காத.
ஜன்னலையும்."
பிறகு இன்னொன்று:
"எந்த வண்டி? நீ ஒதச்சதா?"

ஆமாம் என்று எழுத
மூன்று முறை விரலை வைத்து எடுத்தேன்.
ஆமாம்.

காயா ஜாம் போத்தலில் வெட்டிப் போட்டு
அசிட்டோன் ஊற்றி மூடிவைத்தேன்.
மூலைகள் முதலில் போயின.
மொட்டுகளின் மேலிருந்த எழுத்து கடைசிவரை தெரிந்தது.
மறுநாள் திறந்தால்
தே தாரேக்கில் ஊற்றும் டின்பால் பதம்.
டப்பாவில் இப்போது ஒரு கதவு, நான்கு ஜன்னல்,
சுவர் இல்லை.

எதிர்வீட்டு ரொஹானா அக்கா தலையை நீட்டினார்.
நடைபாதை முழுக்க நகப்பூச்சு வாசம்,
யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்.
கையில் உப்புத்தாளோடு நான் மட்டும் நின்றேன்.
அவருக்கு ஏமாற்றம்.

விரிசலின் முனையில் ஒன்றரை மில்லி துளை போட வேண்டும்.
ஓடுகிற விரிசலுக்குக் கூர்முனைதான் வழி,
வட்டத்துக்குள் வந்தால்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும்.
பின்பக்கம் தேநீர் வடிகட்டியின் வலையை வெட்டி வைத்தேன்.
முதல் பூச்சு நன்றாக இறங்கியது.
இரண்டாவது பூசும்போது மழை பிடித்துக்கொண்டது.
ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும்,
திறந்தே இருந்தது.
ஈரக்காற்று பட்டுப் பசை சுண்ணாம்பாய்ப் பூத்து
விரலில் உதிர்ந்தது.
மொத்தமும் சுரண்டினேன்.
போத்தலில் பாதிதான் மிச்சம்.
வெயிலுக்கு மூன்று நாள் காத்திருந்தேன்,
மறுபடி முதல் பூச்சு.

இருநூற்று நாற்பது. நானூறு. எண்ணூறு.
தேய்த்த தண்ணீர் அரிசி களைந்ததுபோல் ஓடியது.
துண்டுகள் சேர்ந்துவிட்டன.
நாற்பது வருடம் மஞ்சளேறிய பிளாஸ்டிக்கில்
உடைந்த வழி மட்டும் வெள்ளைவெளேரென்று.
பெயின்ட் அடித்தால் மறையும்.
அடிக்கவில்லை.
திருகாணி இழுக்காமல் உட்கார்ந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். ஒரு குறிதான்.
வகுப்பில் இருப்பாள்.

பெரிய வெள்ளைத் தகடு சுவரில் சாய்ந்திருக்கிறது,
என் செருப்பின் அளவுக்கு ஒரு பிளவோடு.
சோல்டரிங் கம்பியைச் செருகிவிட்டு
சூடேறக் காத்திருக்கிறேன்.