உரலுக்கு வரி

ஊர் எல்லையில் வளைவு கட்டுகிறார்கள்.
மேலே பொறிக்க வரலாறு வேண்டும், நாலு வரி போதும்,
ராஜா ஒருத்தர் இருந்தால் நல்லது
என்றார் செயல் அலுவலர்.
பத்திரம் எழுதுகிறவனிடம் கேட்டால் இப்படித்தான்.
நான் தேடியவரை ராஜா இல்லை.
ஓர் உரல் இருந்தது.

வைகை மேற்கிலிருந்து இறங்கி வந்து
முழங்கால் ஆழத்தில் கொஞ்சம் யோசிக்கிற இடம்.
முதலில் கழுதைகளுக்குத் தெரிந்தது.
கழுதைக்குப் பின்னால் உப்பு வந்தது,
எதிரே மலையிலிருந்து மிளகும் கடுக்காயும்.
உப்பு போகிற வழியில் ஒரு கை நீளாமல் இருக்குமா?
பாளையத்திலிருந்து அம்மையப்பனை அனுப்பினார்கள்,
ஒரு தாழங்குடை, ஒரு கட்டு ஓலையோடு.
கருவேல மரத்தடி அவனாகப் பார்த்துக்கொண்டது.

பொதி உப்புக்கு இவ்வளவு, புகையிலைக் கட்டுக்கு இவ்வளவு,
கறவை மாடு, காளை மாடு,
பெண் ஏறி வரும் பல்லக்கு,
பிணத்துக்கு ஒன்றுமில்லை.
எல்லாம் ஓலையில் இருந்தது.

ஆவணியில் ஒரு சாயங்காலம்
கல் உரல் ஒன்றை ஆற்றுக்குள் உருட்டிக்கொண்டே
மாயக்காள் இக்கரை ஏறினாள்.
தாய்வீட்டுச் சீதனம்.
புருஷன் வீட்டை விட்டு வரும்போது
அதை மட்டும் விட்டுவர மனசில்லை.
அம்மையப்பன் ஓலையை இரண்டு தரம் புரட்டினான்.
உரலுக்கு வரி என்றும் இல்லை,
வரி இல்லை என்றும் இல்லை.
"கேட்டு எழுதுகிறேன். உட்கார்."
உட்கார்ந்தாள்.

இதுதான் ஊர்.

மறுநாள் பசியோடு வந்த உப்புக்காரன்
ஒரு படி கம்பு குத்தித் தரச் சொன்னான்.
கூலி ஒரு பிடி உப்பு.
கூழ் வேகும்வரை மாடுகள் நின்றன,
நின்ற மாட்டின் லாடம் தேய்ந்தது கண்ணில் பட்டது,
வேலாசாரி துருத்தியோடு வந்தான்.
சும்மா இருந்தவர்கள் தாயம் உருட்டினார்கள்.
தாயத்தில் தோற்ற ஒருவன் சுங்கக் குடையைத் திருடினான்.
முதல் களவு. முதல் பஞ்சாயத்து.

முதல் சாவு ஒரு கிழக்கத்தியான்.
காய்ச்சலில் வந்தான், பேர் சொல்லவில்லை.
எரிக்கிற சாதியா, புதைக்கிற சாதியா
என்று உச்சிவேளை வரை பேசினார்கள்.
பிறகு வெயில் முடிவு செய்தது.
குழி தோண்டி, அவன் விற்காத உப்பு
நாலு பொதியையும் அவன்மேலேயே கொட்டினார்கள்.
அன்றிரவு யாரும் வழி கிளம்பவில்லை.

அடுத்து வந்த ஐப்பசியில்
வருசநாட்டு மலையில் மூன்று நாள் மழை.
நாலாம் நாள் விடிந்தபோது
தெற்கே ஓடிய ஆறு
வடக்கே ஓடிக்கொண்டிருந்தது.
ஒருவரும் நகரவில்லை,
வடகரை ஆட்கள் தென்கரை ஆட்கள் ஆனார்கள்.
இன்றைக்கும் நான் தட்டச்சு செய்கிறேன்:
"வைகை ஆற்றுக்கு வடக்கு."
அங்கே ஓர் அரிசி ஆலையும்
கல்யாண மண்டபமும் இருக்கின்றன.
பதிவாளர் கையெழுத்துப் போடுகிறார்.

ஏழாம் வருஷம் பதில் வந்தது.
உரலுக்கு வரி இல்லை. அந்த ஸ்திரீயைப் போகவிடவும்.
அம்மையப்பன் உரக்கப் படித்தான்.
உலக்கையை நிறுத்தாமல் கேட்டாள்:
"எங்கே?"
ஓலையைக் கூரையில் செருகிவிட்டு
அவனும் ஒரு கலயம் நீட்டினான்.

காத்திருந்த துறை தேய்ந்து காத்துறை.

"இதெல்லாம் எந்த ஓலையில் இருக்கிறது?" என்றார் அலுவலர்.
கரையான் தின்ற ஓலையில்.
அவர் சிரிக்கவில்லை.
வளைவில் ஒரு ராஜா ஏறிவிட்டார்,
வாள் கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

உரல் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறது.
பங்ச்சர் கடை ஜெய்லானி
அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்.
தேனி போகிற லாரிக்காரர்கள் இறங்கி நிற்கிறார்கள்.
டியூபை முக்கித் திருப்புகிறார்,
திருப்புகிறார்,
குமிழி ஒன்று மேலே வருகிறது.
"கொஞ்சம் உட்காருங்க" என்கிறார்.