குளவி மேல் பழி

தெலாவியில் திராட்சை அறுவடை வாரம்.
கூடைக்குள் ஒரு குளவி இருந்தது.
ஐந்து வயது ட்சோட்னேயின் வலது இமை வீங்கியிருந்தது.
கொட்டியதை யாரும் பார்க்கவில்லை.
பார்க்கத்தான் வேண்டுமா என்ன,
குளவி இருக்கிறது, வீக்கம் இருக்கிறது.

வினிகர் நனைத்த துணி.
மருந்துக்கடையில் ஒரு களிம்பு.
ஊர் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதி
திங்கட்கிழமை வரச் சொன்னார்.
திங்களன்று கண் கீழே இறங்கியிருந்தது,
மண்டைக்குள்ளிருந்து யாரோ
கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி.

"வலி இல்லை, காய்ச்சல் இல்லை,
வீக்கம் மட்டும் நாளுக்கு நாள்,"
திப்லீசியில் மூன்றாம் மாடியிலிருந்து ருசுதான் போனில் சொன்னாள்.
அவள் கண்களை அறுப்பவள்.
நான் அவள் அறுத்ததைப் பார்ப்பவள்.
தேநீரைக் கீழே வைத்தேன்.

கண்குழியிலிருந்து வந்த துண்டு
ஒரு பருப்பளவு.
நுண்ணோக்கியில் நீலம்.
சின்னச் சின்ன உருண்டை நீலம், விளிம்புவரை.
இதில்தான் சிக்கல்:
ஐந்தாறு நோய்களுக்கு இது ஒரே சீருடை.
ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு,
ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.
டெஸ்மின் சாயம் விடியும்வரை ஊற வேண்டும்.
அதுவரை பிள்ளையின் நோய்க்குப் பெயர் கிடையாது.

காலையில் பழுப்பு ஏறியிருந்தது.
ஒரு செல்லில், ஒன்றே ஒன்றில்,
சீப்பு வாரியதுபோல் குறுக்குக் கோடுகள்.
தசையாகப் புறப்பட்டு
வழியில் நிற்க மறந்துபோனவை இவை.

சோதனைக்கூடத்துக்குப் பெற்றோர் வருவதில்லை.
ஸ்வியாத் வந்துவிட்டார்.
விரல் நகங்களில் இன்னும் திராட்சைக் கறை.
"போன மாதமே அந்தக் கூட்டை
எரித்திருக்கணும் நான்.
சோம்பேறித்தனம்."

போனைக் காட்டுங்கள் என்றேன்.
அறுவடையிலிருந்து பின்னோக்கித் தள்ளினோம்:
ஆறு, நாய், சைக்கிள்,
ஆகஸ்டில் பிறந்தநாள் கேக்.
ஐந்து மெழுகுவர்த்தி. ஊதுகிற கன்னம்.
வலது இமை ஒரு நூல் தாழ்ந்து,
ஒரு சாயல் தடித்து.
கேக் வெட்டும் படத்தில்
இமையை யார் பார்ப்பார்கள்.

"குளவிக்கு முன்னால்," என்றேன்,
"மூன்று வாரம் முன்னால்."

பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.
அதற்கப்புறம்தான் அழுதார்,
கைவசம் இருந்த ஒரே குற்றவாளியை
நான் விடுதலை செய்துவிட்டதுபோல்.

மருந்துக்குப் பணிகிற வகை, பெரும்பாலும்.
அந்தப் "பெரும்பாலும்" என்பதையும் சொன்னேன்.
நோயின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை.
சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
பிறகு எடுத்து, இன்னும் சிறிதாக மடித்தார்.

ஊரிலிருந்து வந்த படிவத்தில்
காரணம் என்ற கட்டத்துக்குள்: பூச்சிக்கடி.
அடித்துவிட்டு மேலே எழுதப் போனேன்.
பேனா எழுதவில்லை.
உதறி, மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அந்நேரம் மூன்றாம் மாடியில் ட்சோட்னே,
ருசுதான் பிறகு சொன்னாள்,
தான் பார்க்காத குளவியின் அளவை
நர்சுகளுக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தான்.
முதலில் விரல் நீளம். பிறகு உள்ளங்கை.
ஊசி வந்தபோது
இரண்டு கைகளும் போதவில்லை.