நிகர எடை

வெளிப்பாளையம் கூட்டுறவு வங்கியில்
நகை மதிப்பீட்டாளன் நான்.
உரைகல், அமிலக் குப்பி, பத்து மடங்கு லென்ஸ்.
கல் கழித்து, அரக்கு கழித்து,
தாலிக்கொடியில் ஒட்டிய மஞ்சளையும் கழித்து
நிகர எடை எழுதுபவன்.

கார்த்திகை அடைமழையில் ஒரு மத்தியானம்
உரச் சாக்கில் சுற்றிய இசைத்தட்டை
கவுண்டரில் வைத்தார் தொபியாஸ்.
பேண்டு செட்டில் டிரம்பெட்.
"தங்கமில்ல சார். கப்பல்காரன் ஒருத்தன்
அப்பாகிட்ட கொடுத்துட்டுப் போனது.
மழைக்கு ஒரு கல்யாணமும் இல்ல."

பழைய இரும்புக் கடைகளில்
தட்டு தேடி அலைகிறவன் என்று
நாகப்பட்டினம் முழுக்க எனக்குப் பெயர்.

லேபிளில் ஒரு நீல நாரை.
நாலே வருஷம் ஜாஸ் போட்டு
நொடித்துப்போன சின்னக் கம்பெனி.
வாங்கிய பெரிய கம்பெனி
அதே நாரையை அச்சடித்துக்கொண்டே இருந்தது,
படத்தைப் படம் பிடித்து, அதை மறுபடி படம் பிடித்து.
அதில் எங்கேயோ
அலகிலிருந்து மீன் நழுவிவிட்டது.
மீன் இருந்தால் முதல் அச்சு.
விலாசத்தில் தெருவோடு நின்றால் பழசு,
பின்கோடு வந்துவிட்டால் பிந்தியது.
பெயரின் காலடியில் வட்டத்துக்குள் ஓர் எழுத்து
உட்கார்ந்திருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.
லேபிள் மேல் விரலை ஓட்டினால்
ஒரு பள்ளம் தட்ட வேண்டும், பழைய அச்சு
பல் பதித்த இடம்.
அப்புறம்,
பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் வெற்று வளையத்தில்
யாரோ கையால் கீறிய
ஒரு தூண்டில் முள்.

மீன் இருந்தது. பள்ளம் இருந்தது.
லென்ஸைச் சாய்த்தேன். முள்
என் கண்ணில் மாட்டி இழுத்தது.

"மறு அச்சு" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை.
கவரிங் வளையலோடு வருகிறவர்களிடம்
தினமும் உண்மை சொல்லிப் பழகிய குரல்.
சொந்தப் பணம் மூவாயிரம் கொடுத்தேன்.
எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
மழையில் இறங்கிப் போனார்.

இரவு கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட்டேன்.
இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில்
டிரம்பெட் மேலே ஏறுகிற இடம் வரை கண்ணாடி.
அங்கே ஒரு சாம்பல் வளையம்.
பதினோரு விநாடி வெறும் இரைச்சல்,
தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி.
அந்த ஒரே இடத்தில் எவனோ
ஆயிரம் தடவை ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறான்.
பாவி, என்று திட்டினேன்.
தேய்மானம் கழித்தேன்.
கழித்தும் லட்சத்துக்குக் குறையவில்லை.

மாசியில் வங்கிச் செயலாளரின் தகப்பனார் தவறினார்.
அக்கரைப்பேட்டை கேட்டில்
காரைக்கால் நிலக்கரி வண்டிக்காகப் பாடை காத்து நின்றது.
டிரம்முக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.
தொபியாஸ் மட்டும் தண்டவாளத்தைப் பார்த்தபடி
வாசித்துக்கொண்டிருந்தார்,
யாருக்கும் இல்லாமல், சன்னமாக.

எனக்குத் தெரிந்த மெட்டு.
அது உடைகிற இடமும் தெரியும்.
உடையவில்லை.
ஏறியது. ஒரு படி தவறினாற்போல்
ஆகாத ஸ்வரம் ஒன்றில் கால் வைத்து
அங்கேயே நின்றது, நின்று
அதையே தரையாக்கிக்கொண்டு நடந்தது.
வாகன்களை எண்ணுகிறவன்போல
விநாடிகளை எண்ணினேன்.
பதினொன்று.

பிறகு குழாயைத் தட்டி எச்சில் வடித்தார்.
என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.
"சார், தட்டு ஓடுதா?"
"ஓடுது."
"நடுவுல ஒரு எடம் தேஞ்சிருக்கும்.
அன்னைக்கே சொல்லியிருக்கணும்.
மழ, கைல காசில்ல, சொல்லாம வித்துட்டேன்.
வேணும்னா ஐநூறு திருப்பித் தரட்டா?"

கேட் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.
கடைசி வாகன் கடந்து
கரித்தூள் எங்கள் இருவர் மேலும் இறங்கியது.
"பரவால்ல" என்றேன்.
கேட்டைத் தூக்கினார்கள்.
டிரம் முதலில் நகர்ந்தது.